ரிசர்வ் பைலட்டுக்குச் சும்மா சம்பளமா?

கோவில்பட்டி வாசகர் கேட்டது, ஜனவரி 8, 2025

அமெரிக்காவில் ரிசர்வ் பைலட் என்றால் வீட்டில் படுத்துக்கொண்டே மாதச் சம்பளம் வாங்கலாம், லீவு நாளில் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம் என்கிறார்கள். யூனியன் மிரட்டியே இதையெல்லாம் வாங்கிவிட்டதாம். என் தம்பி மகள் அரிசோனாவில் பைலட் பயிற்சியில் இருக்கிறாள். ரிசர்வ் வேலையாகப் பார்த்துச் சேரச் சொல்லலாமா?

ஜனவரி 9, 2025

அண்ணாச்சி, சேரச் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே போட்டுவிடுவார்கள். இங்கே எல்லாம் சீனியாரிட்டி. வேலைக்குச் சேர்ந்த தேதிதான் ஜாதகம். மாதாமாதம் எல்லோரும் வேண்டிய பயணங்களைக் கேட்டு விண்ணப்பிப்போம், பட்டியலின் மேலிருந்து கீழாகப் பிரித்துக் கொடுப்பார்கள். நிலையான அட்டவணை கிடைத்தவர் லைன் ஹோல்டர். அட்டவணை தீர்ந்த பிறகு வரிசையில் மிச்சம் இருப்பவர்கள் ரிசர்வ். யாருக்காவது உடம்பு சரியில்லை, எங்கோ பனி கொட்டுகிறது, விமானம் பழுது என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். நான் நாலே முக்கால் வருடம் ரிசர்வில் இருந்தவன். குடும்பம் பிட்ஸ்பர்க்கில்; பேஸ், அதாவது பணி தொடங்கும் ஊர், நியூயார்க்கில்.

வீட்டில் படுத்திருக்கலாம் என்பது உண்மை. எந்த வீட்டில் என்பதுதான் கேள்வி. ஷார்ட் கால் ரிசர்வ் என்றால், கூப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் சீருடையோடு விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தம் சொல்கிறது. பிட்ஸ்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்கு 2 மணி நேரத்தில் எப்படி வருவது? அதனால் ரிசர்வ் நாளெல்லாம் நியூயார்க்கில், ஆறு பேர் படுக்கும் அறையில் அடுக்குக் கட்டிலில். அதற்கு வாடகை என் கையிலிருந்து.

ஜனவரி 9, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, மணிக்கணக்குதான். அதுவும் விமானம் கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த ஊரில் கேட்டில் நிற்கும்வரை உள்ள மணி. பாதுகாப்புச் சோதனை, விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது, மூன்று மணி நேரம் தாமதமாகி டெர்மினலில் காத்திருப்பது, இதற்கெல்லாம் பெரும்பாலும் தனியாகக் காசு இல்லை. ரிசர்வ்காரன் எத்தனை மணி பறப்பான் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு குறைந்தபட்சம் வைப்பார்கள். அதுதான் கியாரன்டி. என் முதல் ஒப்பந்தத்தில் மாதம் 75 மணி. பறந்தது 20 மணி என்றாலும் 75-க்குச் சம்பளம் உண்டு. நீங்கள் கேள்விப்பட்ட "சும்மா சம்பளம்" இதுதான்.

ஜனவரி 11, 2025

நேரக் கணக்கு எப்படி என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ரிசர்வில் இரண்டு அடுக்கு விதிகள் உண்டு. ஒன்று மத்திய அரசின் விதி, பார்ட் 117. 2014 ஜனவரி 4 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்னொன்று யூனியன் ஒப்பந்தம். அரசு விதி, இதற்கு மேல் போனால் ஆபத்து என்று கோடு போடும். ஒப்பந்தம் அந்தக் கோட்டுக்கு உள்ளே இன்னும் இறுக்கலாம், தளர்த்த முடியாது. 2 மணி நேரத்தில் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். போனுக்குப் பக்கத்தில் இருக்கும் காலம் ஒரு நாளில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அரசு விதி.

அழைப்பு வந்துவிட்டால், காத்திருப்பு தொடங்கிய நேரத்திலிருந்து 16 மணி நேரத்துக்குள் பணி முடிய வேண்டும். காத்திருந்த நேரமும் உழைத்த நேரம்தான் என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. எனக்கு அதில் பெரிய திருப்தி.

லாங் கால் வேறு. கூப்பிட்ட பிறகு 10 மணி நேர ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் வரச் சொல்ல முடியும். அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். அதற்கு முன் தொடங்கி அதற்குள் நீளும் பணி என்றால் 12 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். லாங் காலில் பிட்ஸ்பர்க் வீட்டிலேயே இருக்கலாம். அது கிடைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது.

ஜனவரி 12, 2025

நேற்று எழுதியதில் தவறு. 16 மணி நேரம் எல்லோருக்கும் எப்போதும் கிடையாது. சரியான கணக்கு இது: பணி தொடங்கும் நேரத்தைப் பொறுத்து அரசு அட்டவணையில் உச்ச நேரம் உண்டு. அதோடு 4 மணி நேரம் கூட்ட வேண்டும். வருவது 16-ஐவிடக் குறைவு என்றால் அந்தக் குறைவானதுதான் எல்லை. இரவு 11 மணிக்குத் தொடங்கும் பணிக்கு அட்டவணை தருவது 10 மணி நேரம், நாலைந்து பயணம் என்றால் 9. ஆக 14 அல்லது 13-லேயே நின்றுவிடும். சுட்டிக்காட்டிய ஹூஸ்டன் நண்பருக்கு நன்றி. சரக்கு விமானம் மட்டும் ஓட்டும் கம்பெனிகளுக்கு இந்த விதி கட்டாயமில்லை என்பதையும் அவர் நினைவூட்டினார். அதே வானம், அதே இரவு, ஆனால் அவர்களுக்கு விதி வேறு. இது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

ஜனவரி 12, மாலை

இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒரு நாள் கதை.

அன்று என் காத்திருப்பு காலை 4 மணிக்குத் தொடக்கம். 4 மணிக்கே போன் அடித்தது. பதறி எழுந்தால் அம்மா. அங்கே மதியம் இரண்டரை, சாப்பாடு முடிந்து பேச உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிறகுதான் பயணங்களை ஒதுக்கும் ஷெட்யூலிங் பிரிவின் எண்ணுக்குத் தனி மணிச்சத்தம் வைத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. குளிக்கும்போது போன் சோப்புத் தட்டில், ஜிப் பை ஒன்றுக்குள்.

நண்பகல் 12 மணிக்கு நிஜமாகவே அழைத்தார்கள். 2 மணிக்கு ரிப்போர்ட், நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து சார்லட் போய்த் திரும்ப வேண்டும், வந்து சேர்வது இரவு 8.35. பேசியவர் புதியவர் போலிருந்தது. "உங்களுக்கு 12 மணி நேரம் இருக்கிறது, தாராளம்" என்றார். அரசு அட்டவணைப்படி 2 மணிக்குத் தொடங்கினால் 12 மணி நேரம்தான், சரி. ஆனால் 12-ஓடு 4 சேர்த்தால் 16. காலை 4-லிருந்து 16 என்றால் இரவு 8. அதாவது எனக்கு மிச்சம் 6 மணி நேரம். படுக்கையில் உட்கார்ந்து விரல் விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். போனைக் காத்திருப்பில் போட்டார். ஐந்து நிமிடம் கழித்து வந்தவர், "போகும் பயணம் மட்டும் உங்களுக்கு. ராத்திரி அங்கேயே தங்கல்" என்றார்.

எதிர்பாராத தடங்கல் வந்தால் கேப்டன் சம்மதத்தோடு 2 மணி நேரம் வரை நீட்டிக்கலாம் என்ற விதியும் உண்டு. அது கிளம்பும் நாளில் திடீரென வரும் இடிமழைக்கு. திட்டம் போடும்போதே அந்த 2 மணி நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வருபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

ஜனவரி 15, 2025

இரட்டைச் சம்பளம் பற்றி. அண்ணாச்சி ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்.

இரட்டைச் சம்பளம் உண்மையாகவே உண்டு. டெல்டாவில் அதற்குப் பெயர் கிரீன் ஸ்லிப். லீவு நாளில் வந்து பறந்தால் இரண்டு மடங்கு. மற்ற கம்பெனிகளில் ஒன்றரை, சில நாளில் இரண்டு. ஆனால் அதையும் பெரும்பாலும் சீனியாரிட்டி வரிசையில்தான் நீட்டுவார்கள். கீழே இருப்பவனுக்கு வந்து சேரும்போது, மேலே எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிய பயணமாக இருக்கும்.

என் முதல் வருட நவம்பரில் அப்படி ஒன்று வந்தது. தேங்க்ஸ்கிவிங் வாரம், என் லீவு நாள். மூன்று நாள் பயணம், 12 மணி கிரெடிட் (சம்பளத்துக்குக் கணக்காகும் மணி), ஒன்றரை மடங்கு என்றார்கள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. மனைவியிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன்: கியாரன்டி 75, அதன் மேல் 18. ஆக 93 மணி. அப்போது என் விகிதம் மணிக்கு 92 டாலர். 8,556 டாலர் வரும், குளிர்காலத்துக்குக் காருக்கு நல்ல டயர் போட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

வந்தது 7,452. 81 மணிக்கான சம்பளம்.

சம்பளச் சீட்டைச் சமையலறை மேடையில் விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ரிசர்வில் பறந்தது 38 என்று ஒரு வரி. லீவு நாள் பயணம் 12 என்று அடுத்த வரி. இரண்டையும் கூட்டி 50 ஆக்கி, 75-க்குள் அடக்கிவிட்டார்கள். கியாரன்டிக்கு மேலே வந்தது அந்த "அரை" மட்டும், 6 மணி. லீவை விட்டுக்கொடுத்து மூன்று நாள் பறந்த 12 மணி, நான் எப்படியும் வாங்கியிருக்கப்போகும் பணத்துக்குள் கரைந்துபோனது.

ஒப்பந்தத்தில் இருந்தது "பிரீமியம் சம்பளம் கியாரன்டிக்கு மேல் வழங்கப்படும்" என்ற வரி. பிரீமியம் என்றால் முழு ஒன்றரையா, கூடுதலான அரை மட்டுமா? கம்பெனி அரை என்று படித்தது. யூனியன் முழுது என்று படித்தது.

ஜனவரி 15, தொடர்ச்சி

அப்புறம் என்ன ஆனது என்று கேட்கிறீர்கள். முறையீடு போட்டோம். ஒப்பந்தத்துக்கு என்ன பொருள் என்ற சண்டைக்கு இங்கே வேலைநிறுத்தம் செய்ய முடியாது. விமானக் கம்பெனிகளும் 1936-லிருந்து ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்குள்தான் வருகின்றன. பொருள் விளக்கச் சண்டைகள் எல்லாம் கடைசியில் நடுவர் முன்தான் போக வேண்டும். யூனியன் ஆட்கள் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது: முதலில் பற, பிறகு முறையிடு. பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் மறுக்கலாம். பணம் தப்பாக வரும்போல் இருக்கிறது என்று விமானத்தை எடுக்காமல் இருக்க முடியாது.

14 மாதம் இழுத்தது. நடுவரிடம் போவதற்கு முந்தின வாரம் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. முறையீடு போட்டவர்களுக்கு முழுத் தொகை. எனக்கு 1,104 டாலர் வந்தது. போடாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. என்னோடு அதே வாரம் பறந்த ஒரு பையன், சேர்ந்த புதிதில் எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்துவிட்டான். அவனை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்கு அவனை இழுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைத்திருக்க வேண்டும்.

ஜனவரி 19, 2025

"38 மணி பறந்து 75-க்கு வாங்கியவர், 12 மணி போய்விட்டது என்று அழலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த மாதம் எனக்கு 18 ரிசர்வ் நாள். நாளுக்கு 14 மணி என்றால் 252 மணி நேரம் போனின் கயிற்றுக்குள் இருந்திருக்கிறேன். மது தொட முடியாது, படத்துக்குப் போக முடியாது, கால்வாசி முடிவெட்டிய தலையோடு ஒரு நாள் ஓடியிருக்கிறேன். 75 மணிச் சம்பளம் அந்த 252-க்கு விலை. அதை நான் சும்மா வாங்கவில்லை. லீவு நாள் 252-க்கு வெளியே இருப்பது. அதை விற்றால் அதற்குத் தனி விலை வர வேண்டும். ஒரே பணத்தை இரண்டு பொருளுக்கு விலையாகக் காட்டுவதைத்தான் தவறு என்றேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பிப்ரவரியில் நான் மொத்தம் 9 மணிதான் பறந்தேன், 75-க்குச் சம்பளம் வந்தது. அப்போது யாருக்கும் முறையீடு போடத் தோன்றவில்லை.

ஜனவரி 20, 2025

லீவு நாளில் போன் எடுப்பது பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். எடுக்காதீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் பட்டியலின் அடியிலிருந்து மேலாகக் கட்டாயப் பணி கொடுக்க எங்கள் ஒப்பந்தம் இடம் தந்தது. ஆனால் பேசி ஒப்படைத்தால்தான் அது செல்லும். அதனால் புதியவர்கள் லீவு நாளில் தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை. மகள் பள்ளியிலிருந்து வந்த அழைப்பையும் ஒருமுறை இப்படியே விட்டுவிட்டேன். காய்ச்சலோடு ஒரு மணி நேரம் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி 24, 2025

இப்போது "மிரட்டல்". இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

அண்ணாச்சி, இந்த நாட்டில் பைலட் யூனியன் மிரட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1999 பிப்ரவரியில் ரீனோ ஏர் கம்பெனியை வாங்கியது தொடர்பான சண்டையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று படுத்தார்கள். நீதிபதி திரும்பச் சொல்லியும் உடனே திரும்பவில்லை. யூனியனுக்கு விழுந்த தண்டம் 4.55 கோடி டாலர். 2000 கடைசியில் டெல்டா பைலட்டுகள் கூடுதல் பயணங்களை எடுக்காமல் விட்டார்கள். கூடுதல் பயணம் எடுப்பது அவரவர் விருப்பம்தானே? ஆனால் எல்லோரும் சேர்ந்து விட்டால் அது போராட்டம், பேச்சுவார்த்தை நடக்கும்போது செய்யக் கூடாது என்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் ஒருவன் வேண்டாம் என்றால் உரிமை. நானும் நண்பனும் பேசிவைத்து வேண்டாம் என்றால் வழக்கு.

இரட்டைச் சம்பளம் எப்போது வருகிறது என்று பாருங்கள். 2017 நவம்பரில் அமெரிக்கனில் கணினி செய்த குளறுபடி, டிசம்பர் கடைசியில் அளவுக்கு மீறிய பைலட்டுகளுக்கு விடுமுறை கொடுத்துவிட்டது. 15,000-க்கும் மேற்பட்ட பயணங்களுக்கு ஆள் இல்லை என்று யூனியன் சொன்னது. கம்பெனி தானாக ஒன்றரை மடங்கு என்று அறிவித்தது. எங்களைக் கேட்காமல் சம்பள விகிதம் வைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று யூனியன் முறையீடு போட்டது. சில நாளில் பேசி இரண்டு மடங்கு என்று முடித்தார்கள். 2022 ஜூலையில் மறுபடியும் ஒரு குளறுபடி. 12,000-க்கும் மேற்பட்ட பயணங்களை பைலட்டுகள் தங்கள் அட்டவணையிலிருந்து நீக்க முடிந்துவிட்டது. நீக்கியதைத் திரும்பத் தலையில் கட்டியபோது அங்கும் இரண்டு மடங்குதான் தீர்வானது. இரண்டு முறையும் பிழை கணினியில். கொண்டாட்டத்தை விட்டு வந்தவன் பைலட்.

ஜனவரி 25, 2025

நேற்று எழுதியதில் சூடு கொஞ்சம் அதிகம். நீங்கள் கேள்விப்பட்டதைத்தான் கேட்டீர்கள், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை அண்ணாச்சி.

பிப்ரவரி 12, 2025

இன்றைய தேதிக்காக எழுதுகிறேன். 2009-இல் இதே நாள் இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். துணை பைலட் முந்தின இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் ஏறி, மெம்ஃபிஸ் வழியாக நியூவார்க் வந்து சேர்ந்தவர். கேப்டன் முந்தின இரவு ஊழியர் அறையில் தங்கியவர். விபத்துக்கான காரணம், வேகம் குறைந்தபோது கேப்டன் செய்த தவறான செயல் என்றே விசாரணை முடிவு சொல்கிறது. அசதி இருந்திருக்கும், எவ்வளவு பங்கு என்று அளக்க முடியவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். விமானக் கம்பெனியில் பறக்க 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதியும் பார்ட் 117-உம் வந்ததற்குப் பின்னால் அவர்கள் இருக்கிறார்கள். நான் படுக்கையில் விரல் விட்டு எண்ணினேனே, அந்த 16 மணி நேரக் கணக்கும் அதே விதியில்தான் இருக்கிறது. அதை எண்ணும்போதெல்லாம் அந்தக் குடும்பங்கள் நினைவுக்கு வருகின்றன.

என்ன சம்பளம் கொடுத்தாலும், அசதி என்றால் அசதி என்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் தகுதியாக இருக்கிறேன் என்று உறுதி கொடுக்கிறோம். ஒருமுறை இரண்டு மடங்குப் பயணத்தின் மூன்றாம் நாள் காலை, செக்லிஸ்ட்டில் ஒரே வரியை மூன்று முறை படித்தேன். ஷெட்யூலிங்கைக் கூப்பிட்டு விலகிக்கொண்டேன். அன்றைய பணம் போனது. அதற்கு நான் முறையீடு போடவில்லை.

மார்ச் 2, 2025

அண்ணாச்சி தனிச்செய்தி அனுப்பியிருந்தார். தம்பி மகள் இப்போது பயிற்றுநராக இருந்து 1,500 மணியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாளாம். என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: "ரிசர்வ் நாளில் வெளியே போகவே முடியாதா அங்கிள்?"

போகலாம்மா. பேஸ் உள்ள ஊரிலேயே குடியிரு. முதல் வருடத்துக்கு அதுதான் எந்தச் சம்பள உயர்வையும்விடப் பெரியது. வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் ரிசர்வ் பகுதியைத் திறந்து, லீவு நாள் பயணம் "முழுவதும்" கியாரன்டிக்கு மேல் என்று இருக்கிறதா பார். அந்தச் சொல் இல்லாவிட்டால் யூனியன் பிரதிநிதியிடம் எழுத்தில் கேட்டு வாங்கு.

நியூயார்க் பேஸ் கிடைத்தால், கியூ கார்டன்ஸில் அறை எடு. பைலட்டும் பணிப்பெண்ணும் நிறைந்த இடம், க்ரூ கார்டன்ஸ் என்றே சொல்வார்கள். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் பக்கம். அங்கிருந்து லாகார்டியா காரில் போகும் தூரம்தான். ஷார்ட் கால் நாளில் சீருடையைக் காரில் ஹேங்கரில் மாட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவேன். கோயிலுக்கு அடியில் உள்ள கேன்டீனில் நெய் தோசை நன்றாக இருக்கும். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் போனில் சிக்னல் வராது, எனக்கு ஒரு அழைப்பு அப்படித் தவறியிருக்கிறது. படிக்கட்டுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்.